பெயரும் மூச்சும்: கோல்ட்ரேனும் யூஸுஃப் லத்தீஃபும்

1964 டிசம்பர் 9ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்னும் ஊரிலிருந்த ஒலிப்பதிவுக் கூடமொன்றில் நான்கு கறுப்பினக் கலைஞர்கள் கூடினர். சாக்ஸபோனுடன் ஜான் கோல்ட்ரேன், பியானோவில் மக்காய் டைனர், பாஸ் இசைக்கருவியில் ஜிம்மி கேரிசன், தாளக் கருவிகளில் எல்வின் ஜோன்ஸ். அவ்விரவில் பதிவான இசையே 'எ லவ் சுப்ரீம்'. நான்கு பகுதிகளைக் கொண்ட, ஏறத்தாழ முப்பத்து மூன்று நிமிடங்கள் நீளும் இவ்வாக்கம் ஜாஸ் இசையின் தலைசிறந்த பதிவுகளுள் ஒன்றாக இன்றளவும் போற்றப்படுகிறது. அதன் முதற்பகுதி முடியும் தறுவாயில் சாக்ஸபோன் ஓய்கிறது. அதுவரை பாஸ் கருவியில் அடிநாதமாக ஒலித்த நான்கு சுரங்களின் மீது மனிதக் குரல் ஏறி, ஆக்கத்தின் தலைப்பையே திக்ர் போலத் திரும்பத் திரும்ப ஓதுகிறது.

இந்த ஓதுதலைச் செவியுற்றோர் சிலர், அதன் முதற்சொற்களில் 'அல்லாஹ்' என்னும் திருநாமமே மறைந்து ஒலிக்கிறது என்று கூறினர். கோல்ட்ரேன் உள்ளூர இஸ்லாத்தை ஏற்றிருந்தார், அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்ற கருத்து இதிலிருந்து முளைத்தது. புகழ் வாய்ந்தோரைப் பட்டியலிட்டு 'இவரும் நம்மவரே' என்று மகிழும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பதால், இத்தகைய கதைகளுக்கு வரவேற்பு குறைவதில்லை. அதே வேளையில், இஸ்லாத்தைத் தழுவியதாகத் தாமே அறிவித்து, முஸ்லிம் பெயருடன் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையேறி, தம் வாழ்வையும் தொழிலையும் அந்நம்பிக்கைக்கேற்ப மாற்றியமைத்துக் கொண்ட மற்றொரு சாக்ஸபோன் மேதையான யூஸுஃப் லத்தீஃபின் பெயரை நம்மில் மிகச் சிலரே கேள்விப்பட்டிருக்கிறோம்.

இவ்விருவரையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். யார் நம்மவர் என்பதை நிறுவுவது நம் குறிக்கோளன்று. ஒரு கலைஞனின் நம்பிக்கை அவனது கலையில் எவ்வாறு செயற்படுகிறது, அதை நாம் எவ்வாறு கண்டுகொள்வது என்பதே நாம் எழுப்பும் வினா.

கருவியும் அதன் வாழ்விடமும்

தமிழ் வாசகர்களுக்குச் சாக்ஸபோன் பெரும்பாலும் கத்ரி கோபால்நாத்தின் வழியாகவே அறிமுகம். 1994இல் வெளிவந்த 'டூயட்' திரைப்படத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் அவர் வாசித்தவை பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. கருநாடக இசையின் கமகங்களுக்கு இக்கருவியை வளைத்தெடுத்த அவர் 2019இல் மறைந்தார். ஆயினும் இக்கருவியின் வரலாறு வேறொரு நிலத்தில் தொடங்குகிறது.

பெல்ஜியம் நாட்டினரான அடால்ஃப் சாக்ஸ் என்பவர் இக்கருவியை உருவாக்கி, 1846இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளை. ஆனால் ஒலி பிறப்பதோ வாயில் வைக்கும் ஒற்றை நாணற் சீவாளியின் அதிர்வில். ஆகவே இசையறிஞர்கள் இதைப் பித்தளைக் கருவிகளோடு சேர்க்காமல் மரக்குழல் கருவிகளின் இனத்திலேயே வைக்கின்றனர். பித்தளையின் முழக்கமும் நாணலின் குழைவும் ஒருங்கே வாய்க்கப்பெற்றதால், மனிதக் குரலின் விம்மல், கரகரப்பு, கிசுகிசுப்பு ஆகிய அனைத்தையும் அதனால் எதிரொலிக்க முடிகிறது. இராணுவ வாத்தியக் குழுக்களில் நெடுங்காலம் உழன்ற இக்கருவிக்கு உயிர் கொடுத்தவர்கள் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களே.

அவர்களுள் முன்னோடி கோல்மன் ஹாக்கின்ஸ். 1939 அக்டோபரில் 'பாடி அண்ட் சோல்' என்ற மெட்டை அவர் பதிவு செய்தபோது, மூல மெட்டைத் தொடக்கத்தில் சற்றே தொட்டுக் காட்டிவிட்டு, அதன் அடியிலுள்ள சுரக்கட்டுகளைக் கொண்டே புதியதொரு மாளிகையை எழுப்பினார். அவருக்கு நேர்மாறானவர் லெஸ்டர் யங். பருமனான நாதத்தை விலக்கி, மெல்லிய, காற்றோட்டமான நாதத்தில், சொல்லாமல் விடுவதன் அழகைக் கற்பித்தவர் அவர். பின்னர் வந்த சார்லி பார்க்கர், வேகத்தையும் சிக்கலையும் ஒருங்கிணைத்து 'பீபாப்' எனும் புதுப்பாணியைத் தோற்றுவித்தோருள் தலையாயவர்.

இம்மேதைகளின் முடிவு மனத்தைக் கனக்கச் செய்வது. பார்க்கர் 1955இல் தமது முப்பத்து நான்காம் வயதில் மறைந்தார். உடலைச் சோதித்த மருத்துவர் அவரது வயதை ஐம்பதுக்கு மேல் மதிப்பிட்டாராம். அத்தனை தூரம் போதைப் பொருளும் மதுவும் அவரை அரித்திருந்தன. லெஸ்டர் யங் இராணுவத்தில் அனுபவித்த சிறைத் தண்டனையின் வடுவைச் சுமந்தவாறே மதுவில் கரைந்து, 1959இல் நாற்பத்தொன்பதாம் வயதில் மாண்டார். இதைத் தனிமனித ஒழுக்கக் கேடென்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது நீதியாகாது. ஜாஸ் வாழ்ந்த இடம் மதுக்கூடம். நியூயார்க்கில் மது விற்கும் அரங்குகளில் வாசிக்க வேண்டுமாயின், 1967 வரை காவல்துறையின் அனுமதி அட்டை கட்டாயமாக இருந்தது. அதைப் பறித்துவிட்டால் கலைஞனின் பிழைப்பும் பறிபோகும். வெள்ளையர் குடித்துக் களிக்கும் அரங்குகளில் கறுப்பர் வாசித்துவிட்டுப் பின்வாயில் வழியாக வெளியேறிய காலம் அது. அந்தப் பின்னணியை விட்டுவிட்டு, அக்கலைஞர்களில் ஒரு சாரார் இஸ்லாத்தை நோக்கி ஏன் திரும்பினர் என்பதை விளங்கிக் கொள்ள இயலாது.

பெயர் மாற்றமும் அதன் பொருளும்

1940களின் பிற்பகுதியில் ஜாஸ் கலைஞர்கள் பலர் முஸ்லிம் பெயர்களைச் சூடினர். தாளக் கலைஞர் ஆர்ட் பிளேக்கி அப்துல்லாஹ் இப்னு புஹைனா ஆனார். கென்னி கிளார்க் லியாகத் அலீ ஸலாம் ஆனார். எட்மண்ட் கிரகரி என்ற சாக்ஸபோன் கலைஞர் 1947இல் ஸாஹிப் ஷிஹாப் ஆனார். அதே ஆண்டு நவம்பரில் தெலோனியஸ் மங்கின் புகழ்பெற்ற 'ரவுண்ட் மிட்நைட்' பதிவில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்தவர் இந்த ஷிஹாபே. தாளம் வாசித்தவர் பிளேக்கி. ஜாஸ் வரலாற்றின் அந்த முக்கியமான பதிவில் இரண்டு முஸ்லிம்கள் பங்கேற்றிருந்தனர் என்பது பலரும் கவனியாத செய்தி.

இந்த மாற்றத்திற்கு உலகியற் காரணங்களும் இருந்தன என்பதை மறைக்கத் தேவையில்லை. டிஸ்ஸி கில்லெஸ்பி 1979இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முஸ்லிம் பெயர் பூண்டவர் 'நீக்ரோ' என்ற வரையறையிலிருந்து வழுவி, வெள்ளையர் உணவகங்களில் நுழைய முடிந்தது என்றும், சிலரது காவல்துறை அட்டையில் இனத்தைக் குறிக்கும் இடத்தில் 'வெள்ளையர்' என்பதற்கான எழுத்தே இடப்பட்டிருந்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார். அடிமை வணிகன் வைத்த பெயரைத் துறப்பதற்கு இது ஒரு வழியாகவும் அமைந்தது. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டவர்கள் காலப்போக்கில் அதைக் கைவிட்டதுமுண்டு. ஆகவே பெயரை மட்டும் கொண்டு ஒருவரது உள்ளத்தை அளந்துவிட முடியாது.

இன்னொரு செய்தியையும் நேர்மையுடன் பதிவு செய்தாக வேண்டும். அன்றைய அமெரிக்க நகரங்களில் இஸ்லாமியப் பிரசாரத்தில் முனைப்புடன் ஈடுபட்டிருந்தது அஹ்மதிய்யா இயக்கம். அதன் முதற் பிரசாரகர் 1920லேயே அமெரிக்கா வந்து சேர்ந்தார். இனவேற்றுமை பாராட்டாத சகோதரத்துவம் என்ற அவர்களது அழைப்பு கறுப்பின மக்களை ஈர்த்தது. ஜாஸ் கலைஞர்களுள் கணிசமானோர் இவ்வழியாகவே வந்தனர். லத்தீஃபும் அவ்வாறே வந்தவர், இறுதிவரை அவ்வியக்கத்தோடு தொடர்புடையவர். இவ்வியக்கத்தின் கொள்கைகள் குறித்து முஸ்லிம் உலகின் உலமாக்கள் கொண்டுள்ள நிலைப்பாடு வாசகர்கள் அறிந்ததே. அதை நாம் இங்கு விவாதிக்கப் புகவில்லை. ஆனால் பெருமை பாராட்டும்போது இவ்வுண்மையை மறைப்பதும், இவ்வுண்மை தெரிந்தவுடன் அவரது கலையையே புறந்தள்ளுவதும் ஒரே குறையின் இரண்டு முகங்கள். இரண்டிலுமே அவரது இசையை நாம் கேட்பதில்லை.

கோல்ட்ரேனின் துதி

முதலில் கோல்ட்ரேன். 1926இல் வடகரோலினா மாநிலத்தின் ஹாம்லெட் என்ற சிற்றூரில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் இருவருமே கறுப்பினக் கிறிஸ்தவத் திருச்சபையின் போதகர்கள். 1957இல் ஹெராயின் பழக்கத்தின் காரணமாக மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அதே ஆண்டில் போதையை உதறியெழுந்தார். இறையருளால் அவ்வாண்டில் தமக்கு ஆன்மிக விழிப்பு ஏற்பட்டதென்றும், தம் இசையால் பிறரை மகிழ்விக்கும் பேற்றை இறைவனிடம் வேண்டினாரென்றும் 'எ லவ் சுப்ரீம்' இசைத்தட்டின் உறையில் அவரே எழுதியுள்ளார்.

அந்த உறையிலுள்ள மடல், புகழனைத்தும் இறைவனுக்கே உரியது என்ற கருத்துடன் தொடங்குகிறது. உடன் அச்சிடப்பட்ட கவிதை இறைவனை அருளாளன், இரக்கமுடையோன் எனப் போற்றுகிறது. 'அல்ஹம்து லில்லாஹ்' என்றும் 'அர்ரஹ்மான் அர்ரஹீம்' என்றும் நாள்தோறும் ஓதும் நம் செவிகளுக்கு இவை அந்நியமாகத் தோன்றுவதில்லை. அவருடைய முதல் மனைவி நயீமா முஸ்லிம். அவர் பெயரால் கோல்ட்ரேன் 1959இல் அமைத்த மெட்டு அவரது ஆக்கங்களில் மிக இனிமையானது. 'எ லவ் சுப்ரீம்' பதிவில் பியானோ வாசித்த டைனரும் இளமையிலேயே இஸ்லாத்தைத் தழுவி ஸுலைமான் ஸஊத் என்ற பெயர் பூண்டவர். ஆதாரங்கள் குவிகின்றன எனத் தோன்றலாம்.

ஆனால் விமர்சனம் இங்கேதான் நிதானிக்க வேண்டும். அருளும் இரக்கமும் உடையவன் என இறைவனைத் துதிக்கும் தொடர், விவிலியத்தின் சங்கீதப் பாடல்களிலும் உண்டு. போதகர் குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு அது பால பாடம். ஆக்கத்தின் நான்காம் பகுதிக்கு அவர் இட்ட பெயரே 'சங்கீதம்' என்று பொருள்படுவது. மேலும், தாம் எல்லாச் சமயங்களையும் நம்புவதாக அவரே பின்னர் கூறியிருக்கிறார். இந்தியாவின் பெயரால் 1961இல் ஒரு மெட்டு, 'ஓம்' என்ற பெயரால் 1965இல் ஒரு பதிவு, சிதார் மேதை ரவிசங்கரின் நினைவாக மகனுக்கு ரவி என்ற பெயர் என விரிந்த தேடல் அது. அம்மனிதரை நம் எல்லைக்குள் இழுத்து வருவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. தாம் சொல்லாத ஷஹாதாவை இன்னொருவர் பெயரில் நாம் சொல்லிவிட முடியுமா?

இசைக்குள் நுழைந்து பார்த்தால் இதைவிட வியப்பான செய்தி கிடைக்கிறது. முதற்பகுதியில் குரல் ஒலிப்பதற்குச் சற்று முன்னர், அந்த நான்கு சுரத் துணுக்கைக் கோல்ட்ரேன் சாக்ஸபோனில் ஒரு சுருதியிலிருந்து மறு சுருதிக்கு மாற்றி மாற்றிப் பன்னிரண்டு சுருதிகளிலும் வாசிக்கிறார். எத்திசை திரும்பினும் அதே சொல். இறுதிப் பகுதியிலோ, உறையில் அச்சிட்ட கவிதையை அசை அசையாகச் சாக்ஸபோனில் 'ஓதுகிறார்'. கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், ஒவ்வொரு அடியும் எங்கு தொடங்கி எங்கு முடிகிறதென்பதைப் பின்தொடர முடியும். இறைவனுக்கு நன்றி கூறும் அடிகள் வருமிடங்களில் நாதம் மீண்டும் மீண்டும் ஒரே சுரத்தில் வந்தமர்கிறது. கறுப்பினப் போதகர்களின் பிரசங்க நடை அதில் துலக்கமாகத் தெரிகிறது. சொல்லைத் துறந்தும் சொல்லின் அமைப்பைத் துறக்காத வழிபாடு அது. இந்த நுட்பத்தை உணர அவர் முஸ்லிமாக இருந்திருக்க வேண்டுமென்ற நிபந்தனை எதுவும் இல்லை.

1967 ஜூலை 17இல், நாற்பதாம் வயதில், கல்லீரல் புற்றுநோயால் கோல்ட்ரேன் மறைந்தார்.

லத்தீஃபின் பாதை

யூஸுஃப் லத்தீஃப் 1920 அக்டோபர் 9இல் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வில்லியம் இமானுவேல் ஹடில்ஸ்டன். ஐந்து வயதில் குடும்பம் டெட்ராய்ட்டிற்குக் குடியேறியது. பதினெட்டாம் வயதளவில் சாக்ஸபோன் கைக்கு வந்தது. 1949இல் கில்லெஸ்பியின் பெருங்குழுவில் இடம்பெற்றார். அக்காலத்தையொட்டியே இஸ்லாத்தைத் தழுவிப் புதுப்பெயர் சூடினார். அல்லதீஃப் என்பது நுட்பமும் மென்மையும் குறிக்கும் இறைத் திருநாமம் என்பது நாமறிந்தது. நெடிதுயர்ந்த உருவமும் தணிந்த பேச்சும் கொண்ட அவருக்கு அப்பெயர் பொருந்திற்று. 2006இல் வெளிவந்த அவரது தன்வரலாற்று நூலின் தலைப்பும் 'மென்மையான பேருருவர்' என்றே பொருள்படும்.

1950இல் டெட்ராய்ட் திரும்பிய அவர், வேன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பும் புல்லாங்குழலும் பயின்றார். பிழைப்புக்காகக் கிரைஸ்லர் மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கு உடன் பணியாற்றிய சிரிய நாட்டவர் ஒருவரே அவருக்கு ரபாப் என்னும் நரம்புக் கருவியை அறிமுகப்படுத்தினார். கிழக்கு அவருக்கு அறிமுகமானது நூல்களால் மட்டுமன்று, தொழிற்கூடத்துத் தோழமையாலும் என்பது நினைக்கத்தக்கது. அதன்பின் அவர் தேடித்தேடிக் கற்றவை பல. இரட்டைச் சீவாளி கொண்ட ஓபோ, அரபு நாடுகளின் இரட்டைக் குழலான அர்கூல், பிஸ்மில்லா கான் உலகறியச் செய்த ஷெனாய், சீனத்துக் களிமண் குழலான ஷுன், மூங்கிற் குழல்கள் என அப்பட்டியல் நீள்கிறது. ஜாஸில் ஓபோவைத் தனியிசைக் கருவியாக நிலைநாட்டியவர்களுள் அவரே முதன்மையானவர்.

1961 செப்டம்பரில் பதிவான 'ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்' அவரது புகழ்பெற்ற ஆக்கம். அதன் முதல் மெட்டில் அவர் ஊதுவது சில சுரங்களையே எழுப்பவல்ல அந்தச் சீனக் குழல். சாக்ஸபோனில் எத்தனையோ சுரங்களை அள்ளிக்கொட்டவல்ல ஒருவர், எட்டா வரம்புடைய ஒரு களிமண் உருண்டையைத் தேர்ந்தெடுக்கிறார். பாரி ஹாரிஸின் பியானோ வெளிகளை நிரப்ப, குழல் தன் சிறு வட்டத்திற்குள்ளேயே நின்று தாளத்தோடு விளையாடுகிறது. வறுமையை வளமாக மாற்றும் இக்கட்டுப்பாடே லத்தீஃபின் தனித்திறன் என நாம் கருதுகிறோம். ஓபோவில் அவர் வாசிக்கும் புளூஸ் மெட்டில், பருத்தி வயல்களின் துயரமும் மேற்கு ஆசியக் குழல்களின் குழைவும் ஒட்டுத் தெரியாமல் இணைகின்றன. புளூஸின் சுரங்கள் மேற்கத்தியச் சுரவரிசையின் கட்டைகளுக்கு இடையில் வழுக்கி நிற்பவை. அரபு மகாம்களிலும் அத்தகைய இடைச்சுரங்கள் உண்டு. இரண்டுக்கும் இடையேயான இந்த உறவை அவரது செவி கண்டுகொண்டது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சீனக் குழல், அரபு நரம்புக் கருவி, 'ஸ்பார்ட்டகஸ்', 'த ரோப்' ஆகிய ஹாலிவுட் திரைப்படங்களின் காதல் மெட்டுகள் ஆகிய அனைத்தையும் 'கீழைத்தேய ஒலிகள்' என்ற ஒரே குடையின்கீழ் நிறுத்துவது, மேற்குலகு வரைந்த கிழக்கின் படத்தை ஓரளவு ஏற்பதாகவே முடிகிறது. எட்வர்ட் ஸெய்த் 1978இல் எழுதிய நூலுக்குப் பின்னர் இத்தகைய தலைப்புகளை நாம் ஐயத்துடனேயே நோக்குகிறோம். இசைத்தட்டை வெளியிட்டதோ, மாலைநேரப் பின்னணி இசைக்கென உருவாக்கப்பட்ட 'மூட்ஸ்வில்' என்னும் வரிசை. ஆயினும் 'ஸ்பார்ட்டகஸ்' மெட்டை அவர் வாசிக்கும் பாங்கைக் கவனிக்க வேண்டும். மிகையுணர்ச்சிக்கு வழுக்கி விழும் வாய்ப்புள்ள அம்மெட்டை ஓபோவின் ஒடுங்கிய, சற்றே கசப்பேறிய நாதத்தில் நேர்கோடாக வாசிக்கிறார். அலங்காரம் அகன்று ஏக்கம் மட்டும் எஞ்சுகிறது. தலைப்பிலுள்ள கிழக்கு வணிகர் தந்தது. அந்த நாதத்திலுள்ள அடக்கமே அவருடையது.

கோல்ட்ரேன் ஒரு சுரக்கட்டின் எல்லாக் கதவுகளையும் ஒரே மூச்சில் திறந்துவிடத் துடித்தவர். 1959இல் பதிவான 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' அதற்குச் சான்று. மூன்று வெவ்வேறு சுருதி மையங்களுக்கிடையே மின்னலெனத் தாவும் அவ்வாக்கம், கருவியைக் கற்போர்க்கு இன்றும் ஒரு தேர்வு. லத்தீஃபோ ஒரே கதவின் முன் அமர்ந்து அது திறக்கும்வரை காத்திருப்பவர். 1980களில் அவர் தாமே எல்லாக் கருவிகளையும் வாசித்துப் பதிவு செய்த 'லிட்டில் சிம்ஃபனி' கிராமி விருது பெற்றது. ஆனால் அவ்விருது 'நியூ ஏஜ்' என்ற பிரிவில் தரப்பட்டது. விருது வழங்கியோர்க்கு அவரை எங்கே வைப்பதெனத் தெரியவில்லை. நம் கணிப்பில் அவ்வாக்கம் அவரது உன்னதங்களுள் ஒன்றன்று. பிற கலைஞர்களோடு உரையாடும்போது எழும் சூடு அதில் தணிந்துபோயிற்று. 1993இல் ஜெர்மனியின் கொலோன் வானொலி இசைக்குழுவோடு அவர் படைத்த 'ஆஃப்ரிக்கன் அமெரிக்கன் எபிக் ஸ்வீட்' நான்கு நூற்றாண்டுக் கறுப்பின வரலாற்றை நான்கு பகுதிகளில் விரிக்கும் பெருமுயற்சி.

மறுத்தலும் ஒரு கலை

லத்தீஃப் 'ஜாஸ்' என்ற சொல்லையே ஏற்கவில்லை. இழிபொருள் கலந்த சொல் அது என்பது அவர் வாதம். தம் இசை உடல், உள்ளம், ஆன்மா மூன்றிலிருந்தும் எழுவது என்று பொருள்படுமாறு 'ஆட்டோஃபிசியோசைக்கிக்' என்ற நீண்ட சொல்லை அவரே ஆக்கிக்கொண்டார். சொல் செவிக்கு இனிமையாக இல்லையாயினும், பிறர் சூட்டிய பெயரை மறுக்கும் அந்த மனவுறுதி, அடிமைப் பெயரைத் துறந்த அதே உறுதியின் தொடர்ச்சி.

இதைவிடப் பெரிய மறுப்பு ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்திலிருந்து, மது பரிமாறப்படும் அரங்குகளில் வாசிப்பதில்லை என அவர் முடிவு செய்தார். ஜாஸ் கலைஞனுக்கு இது தன் கடையைத் தானே அடைத்துக்கொள்வதற்கு நிகர். அவர் பல்கலைக்கழகங்களுக்கும் கச்சேரி மண்டபங்களுக்கும் திரும்பினார். 1975இலேயே மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்தார். ஆய்வுப் பொருள் மேற்கத்தியக் கல்வியும் இஸ்லாமியக் கல்வியும். பின்னர் நைஜீரியாவின் ஸாரியா நகரிலுள்ள அஹ்மது பெல்லோ பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் ஆய்வாளராகப் பணியாற்றி, ஃபுலானி மக்களின் குழலைக் கற்றார். ஐம்பது கடந்த பின் முனைவர், அறுபது கடந்த பின் மீண்டும் மாணவர்.

இவ்விடத்தில் இசை குறித்த மார்க்க விவாதத்தைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. ஊதுகருவிகளை ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் விலக்கியுள்ளனர். இசைக்கருவிகள் பற்றிய புகாரியின் ஹதீஸை அறிவிப்புத் தொடர் அறுந்தது எனக் கருதி மாற்றுக் கருத்துக் கொண்ட இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்றோரும் உண்டு. தீர்ப்பு வழங்குவது நமது பணியன்று. ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் ஸமாஉ, வஜ்து பற்றிய பகுதியில் முன்வைக்கும் காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நரம்புக் கருவிகளும் மிஸ்மார்களும் இனிமையானவை என்பதற்காக விலக்கப்படவில்லை என்கிறார் இமாம். இனிமையே காரணமாயின் பறவைகளின் பாடலும் விலக்கப்பட வேண்டும். அவை குடிகாரர்களின் அவைக்கு அடையாளமாகிவிட்டன, மதுவை நினைவூட்டுகின்றன, மதுவிற்கு அழைக்கின்றன என்பதே அவர் கூறும் காரணம். எனவேதான் இடையர்களின் குழலையும் ஹாஜிகளின் முரசையும் அவர் விலக்கவில்லை.

கஸ்ஸாலியின் (ரஹ்) இவ்வாய்வை லத்தீஃப் படித்தாரா என்பது நம் கேள்வியன்று. அவர் செய்த செயல் அவ்வாய்வின் மையத்தையே தொடுகிறது. மதுக்கூடத்தில் பிறந்து வளர்ந்த ஒரு கருவியை மதுக்கூடத்திலிருந்து பிரித்தெடுத்து, அப்போதும் அது இசையாக நிற்குமா எனத் தம் வாழ்வையே பணயம் வைத்துச் சோதித்தார் அவர். பார்க்கரையும் யங்கையும் விழுங்கிய அதே சூழலிலிருந்து வந்தவர், 2013 டிசம்பர் 23இல் தமது தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார். அவரது வாசிப்பை ஏற்காத ஆலிமும் அவரது மறுப்பின் கனத்தை ஒப்புக்கொள்வார் என்றே நாம் எண்ணுகிறோம்.

எனவே 'இவரும் நம்மவரே' என்ற பட்டியலுக்குத் திரும்புவோம். அப்பட்டியலின் குறை, அதில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதிலன்று. பெயரைக் கண்டதும் அது நின்றுவிடுகிறது என்பதில் இருக்கிறது. ஒரு பதிவின் மங்கலான ஓதலில் ஒரு சொல்லைத் தேடிப்பிடிக்கச் செலவிடும் உழைப்பில் பாதியைச் செலவிட்டால், களிமண் குழலின் சில சுரங்களுக்குள் நிறைவு கண்ட அடக்கத்தையும், கவிதையை அசை பிரித்து ஊதிய நன்றியுணர்வையும் நம் செவிகளாலேயே கேட்டுவிடலாம். நம் இளைஞர்களுக்குக் கலைஞர்களை அறிமுகப்படுத்தும்போது, அவர்கள் எங்கு சேர்ந்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், சேர்ந்தபின் எதை ஏற்றார்கள், எதை மறுத்தார்கள், அது அவர்களது நாதத்தில் எங்கே ஒலிக்கிறது என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

1981இல் லத்தீஃப் வெளியிட்ட சுரவரிசைகளின் தொகுப்பு நூலில் ஒரு வரைபடம் உள்ளது. பன்னிரு சுரங்களையும் வட்டமாக நிறுத்தி, அவற்றுக்கிடையேயான உறவுகளைக் கோடுகளால் இணைத்துக் காட்டுவது அது. கோல்ட்ரேன் தம் கையால் வரைந்து லத்தீஃபிற்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. வரைந்தவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், அதை வரைந்தவரின் பெயராலேயே தம் நூலில் சேர்த்தார் லத்தீஃப். கோல்ட்ரேனைத் தம் சமயத்தவர் என்று உரிமை கொண்டாடும் தேவை அவருக்கு எழவில்லை. நண்பரின் அறிவைப் பேணி, அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பித்தார்.